பிரணவின் புதிய பாட்டுக்கு ஓர் உரை

ஒரு தட்டு குறைந்தது.

சித்தார்த்தன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டான். பிரணவ் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வாய்ஸ் நோட் அது. கிடார் இல்லை, குரல் இல்லை. ஏதோ மூடிய இடத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், அதற்குப் பின்னால் யாரோ வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுகிற சத்தம், இரண்டுக்கும் நடுவே இரும்பின்மேல் இரும்பு பட்டு எழும் தட்டு. ஏழு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஏழு. மூன்றாவது சுற்றில் மட்டும் ஆறோடு நின்றுபோனது. தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தவனுக்கு, இருட்டில் இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து ஏமாந்த மாதிரி இருந்தது.

வேறு யாராவது கேட்டிருந்தால் தட்டியவன் கை ஓய்ந்து போயிருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ப்ரோக்ரஸிவ் மெட்டல் கேட்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கால் மணி நேரத்துக்குக் குறையாத பாட்டு, அதற்குள் பத்து இடத்தில் மாறுகிற தாளம், கத்தலுக்கும் முனகலுக்கும் இடையில் புரிந்தும் புரியாமலும் வந்து போகிற வரிகள், இதையெல்லாம் தின்று வளர்ந்த காது அது. பாட்டில் தப்பு என்று ஒன்று இருக்கலாம் என்பதை அவர்கள் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாடகன் இருமினால் அதற்கும் ஓர் அர்த்தம் வேண்டும். சித்தார்த்தனுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. பகலெல்லாம் தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவன் செய்த வேலையில் பிழை தேடுவது அவன் பிழைப்பு. சாயங்காலம் மந்தைவெளி ஃப்ளாட்டுக்குத் திரும்பியதும் பிழையே இல்லாத உலகத்துக்குள் போய்விடுவான். தனி ஆள். உள்ளறையில் ஒரு கேமராவை நிறுத்தி, மெட்டல் பாட்டுகளின் வரிகளுக்குத் தமிழில் உரை சொல்லி யூடியூபில் போடுவான். கேட்பதற்கென்று ஒரு சிறு கூட்டமும் இருந்தது.

அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் பிரணவ் அவன் மானத்தை வாங்கினான்.

பிரணவ் கல்லூரியிலிருந்தே சிநேகிதன். ‘தூர்’ என்ற இசைக்குழுவில் பாடுகிறவன், அதன் பாட்டுகளை எழுதுகிறவனும் அவனே. அவனுடைய ‘மூன்று சிறகு’ என்ற பாட்டுக்கு சித்தார்த்தன் முக்காலம், முக்குணம் என்று ஆரம்பித்து ஒரு முழு நீள வீடியோ போட்டிருந்தான். போன மாதம் தி.நகரில் ஒரு கச்சேரி முடிந்ததும், நேரலையில் யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது பிரணவ் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அது எங்க வீட்டு சீலிங் ஃபேன் மச்சி. கரண்ட் போயிடுச்சு, மல்லாக்கப் படுத்துப் பாத்துட்டிருந்தேன். அதைத்தான் எழுதினேன்.”

சித்தார்த்தன் அதுவரை போட்ட அத்தனை வீடியோவையும்விட அந்தத் துண்டு வீடியோவைத்தான் ஊர் பார்த்தது. ஆபீசில் அவன் நாற்காலியின் மேல் யாரோ ஒரு பிளாஸ்டிக் விசிறியை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவன் பிரணவோடு பேசவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் பிரணவ் ஃபோனில் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. அடித்தது, தள்ளிவிட்டான். மறுபடி அடித்தது, மறுபடி தள்ளிவிட்டான். கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தான். அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

மறுநாளே சமாதானக் கொடி மாதிரி புதுப்பாட்டு வர ஆரம்பித்தது. முன்னுரை, நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. வெறும் வரிகள்.

*சதுரமாய் ஒரு வானம் இருந்தது.*
*அதன் மேலும் இரும்பு விழுந்தது.*

சித்தார்த்தன் பிகு செய்துகொள்ளத்தான் நினைத்தான். ஆனால் வரி நன்றாக இருந்தது. இந்த முறை விடக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்து, சதுர வானம் என்பது நம் கையில் இருக்கும் திரை, அதன்மேல் விழும் இரும்பு தொழில் நாகரிகம் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் அனுப்பினான். அனுப்பிய நொடியில் இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. மறுநாள் அடுத்த வரிகள்தான் வந்தன.

*தண்ணீர் என் கழுத்துக்கு அளவெடுக்கிறது.*
*ஏணியின் எலும்பு ஒன்று*
*என்னைச் சுற்றி மிதக்கிறது.*

சமூகம் ஒருவனுக்குத் தைக்கும் சட்டை, அதன் இறுக்கம், உடைந்துபோன முன்னேற்றக் கனவு என்று அதற்கும் எழுதினான். நீல டிக். மௌனம். ‘சரியா தப்பா, அதையாவது சொல்லித் தொலையேன்’ என்று கேட்டான். நீல டிக். எரிச்சல் உச்சிக்கு ஏறியது. பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பையன் மாதிரி தன்னை ஆக்கி வைத்திருக்கிறானே என்று பல்லைக் கடித்தான். ஆனாலும் ஆபீஸ் மீட்டிங்கில்கூட மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒரு நாள் மஹதி கூப்பிட்டாள். பிரணவின் அக்கா, அடையாறில் இருக்கிறாள். தம்பி ஃபோனை எடுப்பதில்லை என்றாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாட்டெழுத உட்கார்ந்தால் கோட்டூர்புரத்து வாடகை வீட்டின் கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டு, ரொட்டியும் தண்ணீர் கேனுமாக நாள்கணக்கில் அடைந்துகிடப்பது அவன் வழக்கம். மாடி வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். குழுவின் மற்ற ஆட்கள் பெங்களூரில். ஒரு தடவை ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போன மஹதியை மழையில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

“உனக்காவது ஏதாவது மெசேஜ் போடறானாடா?” என்று கேட்டாள்.

தினமும் வரி அனுப்புகிறான், புதுப்பாட்டில் மூழ்கியிருக்கிறான் என்று சித்தார்த்தன் சொன்னான். தனக்கு மட்டும் அனுப்புகிறான் என்பதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னான்.

“அப்பாடா. அப்போ சரி. நானா ஏதேதோ நெனச்சுண்டுட்டேன்.”

அவள் நிம்மதியாக ஃபோனை வைத்தாள். அவனும் அதோடு அதை மறந்துபோனான்.

இப்போது இந்த வாய்ஸ் நோட். இதற்கும் அர்த்தம் சொல்லு பார்ப்போம் என்கிற மாதிரி வந்திருக்கிறது. ஆறு மணிதான் ஆகியிருந்தது, ஆனால் ஐப்பசி மழை சாயங்காலத்தைச் சீக்கிரமே விழுங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் கசங்கிக் கிடந்தன, கீழே தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆட்டோ போகிற சத்தம், பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில், அதையெல்லாம் தாண்டி அறைக்குள் எங்கிருந்தோ மெல்லப் பாசி நாற்றம். நாலைந்து நாளாகவே அந்த நாற்றம். பாத்ரூமில் இருக்கும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவினான், போகவில்லை. இன்றைக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அதன் பஞ்சு ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து விரலால் தொட்டான். சில்லென்றிருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். வெயிலே படாத தண்ணீரின் வாசனை.

சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் போட்டான். அந்தக் குறைந்த தட்டுக்கு ஓர் அர்த்தம் தோன்றியிருந்தது, அது ஆறிப்போவதற்குள் பேசிவிட வேண்டும். விடுபட்ட ஏழாவது தட்டு கேட்பவனுக்காகக் காலியாக விடப்பட்ட நாற்காலி என்றான். இந்தப் பாட்டில் கேட்பவனும் ஒரு பாத்திரம், அவன் வந்து அந்தத் தட்டை முடித்துவைக்க வேண்டும் என்று கவிஞன் காத்திருக்கிறான் என்றான். சொல்லும்போதே உடம்பு சிலிர்த்தது. தன் வாழ்க்கையில் சொன்ன சிறந்த விளக்கம் இதுதான் என்று தோன்றியது.

கரண்ட் போயிற்று.

மடிக்கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் மிச்சம். வாய்ஸ் நோட்டை நிறுத்தியாயிற்று. ஹெட்ஃபோன் மேஜைமேல் கிடந்தது. ஆனாலும் தட்டு கேட்டது.

மழையாக இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழை இல்லை. பாத்ரூம் பக்கமிருந்து, சுவருக்குள் ஓடுகிற குழாய் வழியாக, வெகுதூரத்திலிருந்து வருகிற மாதிரி. ஏழு. இடைவெளி. ஏழு. இடைவெளி. ஆறு. அவனையறியாமல் அவன் விரல் தொடையில் உயர்ந்து அந்தரத்தில் நின்றது. மேல்மாடிக்காரன் ஏதோ ரிப்பேர் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டான். இருட்டில் யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்றும் கூடவே தோன்றியது.

ஃபோன் அதிர்ந்தது. பிரணவ்.

*பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன்.*
*மூன்று முறையும் ஒரு கட்டைவிரல்*
*என்னைத் தள்ளிவிட்டது.*

மூன்று முறை. உடனே அவன் மூளை தன் வழக்கமான வேலையை ஆரம்பித்தது. பைபிளில் குருவை மூன்று முறை மறுதலித்த சீடன், சேவல் கூவல், சாந்தோம் தேவாலய மணி, குரு துரோகம். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்து வாயைத் திறந்தான். வரியை மறுபடி படிப்பதற்காகக் கட்டைவிரலால் திரையைத் தள்ளினான்.

தள்ளிய விரல் அப்படியே நின்றது.

ஃபோனில் பழைய அழைப்புகளைத் திறந்தான். சனிக்கிழமை. பிரணவ். பிரணவ். பிரணவ். மூன்றும் சிவப்பில்.

அன்றைக்கு எத்தனை தடவை அடித்தது என்றுகூட அவன் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எல்லா வரிகளையும் மேலிருந்து கீழே மறுபடி படித்தான். இந்தத் தடவை அர்த்தம் தேடவில்லை. எழுதியிருந்ததைப் படித்தான். சீலிங் ஃபேனைப் பார்த்துச் சீலிங் ஃபேனை எழுதுகிறவன். கண்ணால் பார்க்காத ஒன்றை ஒருநாளும் எழுதாதவன். சதுரம். இரும்பு. தண்ணீர். கழுத்து. உடைந்த ஏணி.

நாகரிகம் இல்லை. சமூகம் இல்லை. சம்ப்.

லாரித் தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தரைக்குக் கீழே கட்டியிருக்கும் தொட்டி. கோட்டூர்புரத்து வீட்டில் அது போர்ட்டிகோவுக்கு அடியில் இருந்தது. சித்தார்த்தன் எத்தனையோ தடவை அதன் இரும்பு மூடிமேல் பைக்கை நிறுத்தியிருக்கிறான். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் பிரணவ் தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குவான். ஆள் வைத்துச் செய்துகொள் என்று மஹதி தலைபாடாய் அடித்துக்கொள்வாள்.

பிரணவுக்கு ஃபோன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மஹதிக்குப் போட்டான். என்ன சொன்னான் என்று பின்னால் அவனுக்கே நினைவில்லை. தீயணைப்புக்குச் சொல்லுங்கள், நீங்களும் கிளம்புங்கள் என்று கத்தியது மட்டும் நினைவிருந்தது. மந்தைவெளியிலிருந்து கோட்டூர்புரம் என்ன பெரிய தூரம், ஆனால் மழைக்கு எல்லாத் தெருவும் வண்டிகளால் அடைத்துக்கிடந்தது. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே பைக்கை நுழைத்து, திட்டு வாங்கி, கண்ணாடியில் இடித்து, பாலத்தின்மேல் ஏறியபோது கீழே அடையாறு கரிய நிறத்தில் புரண்டு ஓடியது. ‘ஒரு வார்த்தை உதவின்னு போட்டிருக்கக் கூடாதாடா, பாவி’ என்று ஹெல்மெட்டுக்குள் அழுதான். மறுநொடியே, போட்டிருந்தாலும் தான் அதற்கு உரை எழுதியிருப்போம் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவனை அறைந்தது.

அந்தத் தெருவிலும் கரண்ட் இல்லை. மஹதி அவனுக்கு முன்பே வந்து கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். உள்பக்கம் பூட்டு. தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறதாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். அவள் குரல் நடுங்கவில்லை. இத்தனை நாளாக மெசேஜ் அனுப்புகிறவன் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

“தண்ணி கழுத்து வரைக்கும்தானே? நின்னுண்டிருப்பான். அவன் நல்ல உயரம்டா.”

சித்தார்த்தன் பிரணவின் வரிகளைத் திறந்து தன் ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தான். முழங்கை உரிந்தது. போர்ட்டிகோ முழுக்கச் செருப்பு மூழ்கும் தண்ணீர். மோட்டார் அறைக் கதவு திறந்தபடி கிடந்தது. கம்பிவலை போட்ட பெரிய கேட்டுக்கு அந்தப் பக்கம் மஹதி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போர்ட்டிகோவின் தூண் மறைத்ததால் சம்ப் இருக்கும் இடம் அவள் கண்ணில் படவில்லை.

“பிரணவ்!”

பதில் இல்லை. தட்டும் இல்லை.

மண்டியிட்டுத் தண்ணீருக்குள் கையால் துழாவி மூடியின் வளையத்தைப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. இரும்பு மெல்ல எழுந்தது.

நாற்றம் முதலில் வந்தது. பாசி இல்லை. பாசிக்கு அடியில் இருந்தது.

டார்ச்சை அடித்தான். கறுப்புத் தண்ணீர். உடைந்த மரச்சட்டம் ஒன்று. அதன் பக்கத்தில் பிரணவ்.

மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். ஊறிப்போன முகம். உப்பிய கழுத்தில் சட்டைக் காலர் புதைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் பார்வை என்று ஒன்று இல்லை. டாக்டர் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நேற்று இல்லை. முந்தாநாள் இல்லை. சனிக்கிழமை. அந்த மூன்றாவது தள்ளலுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில்.

கேட்டுக்கு அப்பாலிருந்து மஹதி கேட்டாள்.

“இருக்கானா சித்து?”

அவன் வாய் திறந்தது. எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகச் சொல் வைத்திருந்தவனிடம் ஒன்றும் இல்லை. டார்ச் வெளிச்சம் முகத்திலிருந்து வழுக்கி, மார்பு, தோள், முழங்கை என்று இறங்கித் தண்ணீருக்குள் போனது. ஒரு முழ ஆழத்தில் பிரணவின் வலது கை. விரல்கள் ஃபோனைச் சுற்றி இறுகியிருந்தன. திரை கறுத்து, உள்ளே நீர் புகுந்து, கண்ணாடி வெடித்திருந்தது. செத்த ஃபோன்.

கேட்டுப் பக்கம் திடீரென்று ஒரு சத்தம். மஹதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“சித்து, ஆன்லைன்ல இருக்கான்டா. இதோ, உனக்கு டைப் பண்ணிண்டிருக்கான்.”

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தண்ணீருக்குள், அந்த இருண்ட கண்ணாடியின்மேல், தோல் உரிந்து வெளுத்த கட்டைவிரல் அடுத்த எழுத்தைத் தேடி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.